இரண்டாவது மானிட்டர் வந்ததும் நிற்காத விசிறி

144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிக்கும்) கேமிங் மானிட்டருக்குப் பக்கத்தில் ஒரு 60 ஹெர்ட்ஸ் மானிட்டரைச் சேர்த்ததிலிருந்து கிராபிக்ஸ் கார்டின் விசிறி ஓயவே இல்லை. கேம் எதுவும் ஓடாமல் வெறும் டெஸ்க்டாப் இருக்கும்போதே கார்டு சூடாக இருந்தது.

தூசி தட்டினேன், டிரைவரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன், கேபிளை மாற்றினேன். பலனில்லை. பேசாமல் ஒரே மானிட்டரோடு இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்புறம்தான் கண்காணிப்பு மென்பொருளில் ஒன்று கண்ணில் பட்டது. கார்டின் பயன்பாடு 1 சதவீதம்தான். ஆனால் மெமரி கடிகார வேகம், அதாவது கார்டின் நினைவகம் இயங்கும் வேகம், மட்டும் உச்சத்திலேயே நின்றது. இரண்டாவது மானிட்டரைக் கழற்றியதும் சட்டென்று இறங்கியது.

திரை ஒரு பிரேமை (ஒரு முழுப் படத்தை) முடித்து அடுத்ததைத் தொடங்கும் நொடிப்பொழுது இடைவெளியில்தான் கார்டு மெமரி வேகத்தை மாற்றும். இரு திரைகளின் இடைவெளியும் ஒத்துப்போகாவிட்டால், வேகத்தைக் குறைக்காமலே விட்டுவிடும். எல்லாக் கார்டும் இப்படி அடம்பிடிக்காது.

டிஸ்ப்ளே அமைப்பில் 144-ஐ, 60-க்குச் சரியாக இரு மடங்கான 120 ஆக்கினேன். அவ்வளவுதான், மெமரி வேகம் இறங்கியது, கொஞ்ச நேரத்தில் விசிறியும் நின்றது. ஒரு பிரேமுக்கு 6.9 மில்லிசெகண்டுக்குப் பதில் 8.3, விளையாடும்போது எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. போட்டி ஆட்டம் என்றால் மட்டும் இரண்டாவதை அணைத்துவிட்டு 144-க்குப் போகிறேன்.