பாடத்தைத் தெரிவு செய்த பின் பட்டம்: வன்னி மாணவர் ஆசிரியராவதற்கான வழிகாட்டி

உயர்தரப் பெறுபேறு வெளியாகும் வாரத்தில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகளில் அதிகம் கேட்கும் வாக்கியம் "ரீச்சர் வேலை எண்டா நல்லது" என்பதுதான். அந்த வாக்கியத்தில் ஒரு சொல் குறைகிறது. எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் என்பதை அது சொல்வதில்லை. இலங்கை ஆசிரியர் சேவையில் பொதுவான ஆசிரியர் என்று எவரும் நியமிக்கப்படுவதில்லை. கணிதம், விஞ்ஞானம், ஆரம்பக்கல்வி, தமிழ், புவியியல் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் மொழிமூலத்துக்கும் உரிய வெற்றிடத்துக்கே விண்ணப்பம் கோரப்படுகிறது. ஆகவே பட்டம் எங்கே, எத்தனை ஆண்டு என்ற கேள்விகளுக்கு முன்னர், நீங்கள் கற்பிக்கப்போகும் பாடம் எது, அந்தப் பாடத்துக்கு நமது கல்வி வலயங்களில் ஆள் தேவைப்படுகிறதா என்ற இரண்டுக்கும் விடை காண வேண்டும்.

இதைக் கண்டறிவது கடினமன்று. துணுக்காய், மடு, வவுனியா வடக்கு, முல்லைத்தீவு போன்ற வலயங்களின் கல்வி அலுவலகத்தில் அந்தப் பாடத்துக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளரையோ ஆசிரிய ஆலோசகரையோ சந்தித்து, தமது பாடத்துக்கு ஆசிரியர் இல்லாத பாடசாலைகள் எவை என்று கேட்டால் அரைமணி நேரத்தில் நிலைமை விளங்கிவிடும். கேட்கத் தயங்குபவர்கள் தமது ஊர்ப் பாடசாலையின் நேரசூசியைப் பார்த்தாலும் போதும். ஒரு பாடத்துக்குரிய கட்டங்களில் வேறு பாட ஆசிரியரின் பெயர் எழுதப்பட்டிருந்தால் அங்கே வெற்றிடம் இருக்கிறது என்றே பொருள். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகியவற்றில் இவ்வாறான கட்டங்களை நான் அடிக்கடி கண்டிருக்கிறேன். கலைப் பாடங்கள் பலவற்றில் நிலைமை இதற்கு நேரெதிர். அங்கே பட்டதாரிகள் வெற்றிடத்துக்காகக் காத்திருக்கிறார்கள். இதனால் கலைப்பிரிவு மாணவர் எவரும் மனமுடையத் தேவையில்லை. ஆனால் காத்திருக்கும் காலத்தையும் கணக்கில் சேர்த்தே முடிவெடுக்க வேண்டும்.

ஆசிரியத் தொழிலுக்குள் நுழைய நமக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் உள்ளன. கல்விமாணிப் (பி.எட்.) பட்டத்தை நேரடியாகப் பெறுவது ஒன்று. கலை, விஞ்ஞானம், வணிகம் முதலிய துறைகளில் ஒரு பட்டம் பெற்று, பின்னர் ஆசிரியருக்குரிய தொழில்தகைமையான பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை முடிப்பது இரண்டாவது. தேசிய கல்வியியற் கல்லூரியில் கற்பித்தல் டிப்ளோமா பெற்று, சேவையில் இருந்துகொண்டே பட்டத்தை நோக்கிச் செல்வது மூன்றாவது. மூன்றும் இறுதியில் ஒரே சேவையில் சேர்பவைதான். நுழையும் தரம், செலவு, காலம் ஆகியவற்றில் மட்டுமே வேறுபாடு உண்டு.

பல்கலைக்கழக வழியைத் தெரிவு செய்வோர் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைந்நூலை முதலில் வாசிக்க வேண்டும். அண்ணனோ அக்காவோ சென்ற ஆண்டில் செய்ததைப் பின்பற்றுவது ஆபத்தானது. உயர்தரத்தின் மூன்று பாடங்களிலும் ஒரே அமர்வில் சித்தியும் அதனோடு நடக்கும் பொதுச் சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளியும் அடிப்படைத் தேவைகள். அதன் பின்னர், வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை ஒப்பிடத்தக்கதாக மாற்றிக் கணிக்கும் இசட் புள்ளியே பேசும். மாவட்ட அடிப்படையிலான இடங்களுக்கு மேலதிகமாக, கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கென 5 சதவீத இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி ஆகிய நான்கும் அந்தப் பட்டியலில் உள்ளன. இங்கே பெற்றோர் பலர் கவனிக்காத ஒரு நுணுக்கம் உண்டு. மாணவரின் மாவட்டம் தேசிய அடையாள அட்டையின் முகவரியைக் கொண்டு தீர்மானிக்கப்படுவதில்லை. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று ஆண்டுகளில் அவர் கற்ற பாடசாலை எந்த மாவட்டத்தில் இருந்தது என்பதே பார்க்கப்படுகிறது. நல்ல பாடசாலை என்று மல்லாவியிலிருந்தோ விசுவமடுவிலிருந்தோ யாழ்ப்பாணத்துக்குப் பிள்ளையை அனுப்பும்போது, அந்தப் பாடசாலையின் ஆசிரியர் வளத்தோடு இந்த விதியையும் தராசில் வைத்துப் பார்ப்பது நல்லது.

கல்விமாணிப் பட்டத்துக்குக் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் தனியான கல்விப் பீடம் இருக்கிறது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்திலும் கல்விப் பீடம் உண்டு. அதன் யாழ்ப்பாணப் பிராந்திய நிலையம் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. ஒவ்வொன்றுக்கும் தெரிவு நடக்கும் முறை வேறு. அதை அவ்வாண்டின் கைந்நூலிலும் பீடத்தின் அறிவித்தலிலும் சொல்லுக்குச் சொல் வாசித்த பின்னரே விருப்ப வரிசையை எழுத வேண்டும். வவுனியாவிலேயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. 2021 ஆகஸ்ட் மாதம் தனிப் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்ட வவுனியாப் பல்கலைக்கழகத்தில் பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் ஆகிய பீடங்கள் உள்ளன. கல்விப் பீடம் இல்லை. ஆயினும் பம்பைமடுவிலுள்ள அந்த வளாகத்தில் கணிதத்தையோ கணினியையோ படித்து முடித்த பட்டதாரி, நமது வலயங்களுக்கு மிக வேண்டிய ஆசிரியராக வர முடியும். அவர் செல்வது இரண்டாவது வழி.

அந்த இரண்டாவது வழியில்தான் நம் மாணவர் பெரும்பாலோர் செல்கிறார்கள், வழுக்குவதும் அங்கேதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கலைப்பீடத்தில் கல்வியியல் ஒரு துறையாக உள்ளது. அதை ஒரு பாடமாகப் படித்துப் பெறும் கலைமாணிப் பட்டம் கல்விமாணிப் பட்டமாகாது. பெயரின் ஒற்றுமையைக் கண்டு, தொழில்தகைமை கிடைத்துவிட்டது என்று எண்ணிப் பட்டப்பின் டிப்ளோமாவைத் தள்ளிப்போட்டவர்களை நான் அறிவேன். அதைவிடப் பெரிய தவறு முதலாம் ஆண்டில் பாடங்களைத் தெரிவு செய்யும் நாளில் நடக்கிறது. நண்பர்கள் எடுத்தார்கள், விரிவுரை நேரம் வசதி, புள்ளி இலகுவாகக் கிடைக்கும் என்ற காரணங்களால் எடுக்கப்படும் பாடம், பாடசாலைக் கலைத்திட்டத்தில் இல்லாத பாடமாக இருந்துவிட்டால், நான்கு ஆண்டுகளின் பின்னர் எந்த வெற்றிடத்துக்கும் அந்தப் பட்டம் பொருந்தாமல் போகலாம். என்னுடன் படித்த ஒருவர் நல்ல சித்தியோடு வெளியேறி, நேர்முகப் பரீட்சையில் "உங்கள் பட்டத்தின் பிரதான பாடம் எது?" என்று கேட்கப்பட்டபோது பதில் சொல்ல முடியாமல் நின்றார். பாடசாலையில் கற்பிக்கப்படும் ஒரு பாடமாவது உங்கள் பட்டத்தில் இறுதி ஆண்டு வரை தொடர வேண்டும். கல்வியியலையும் எடுப்பதாயின் அதை அதன் பக்கத்தில் வையுங்கள். அந்தப் பாடத்தின் இடத்தில் வைக்காதீர்கள்.

மூன்றாவது வழியைத் தாழ்வாக எண்ணும் வழக்கம் நம்மிடம் உண்டு. அது நியாயமில்லை. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தேசிய கல்வியியற் கல்லூரிகளில் பயிற்சி மூன்று ஆண்டுகள் நடைபெறுகிறது. முதல் இரண்டு ஆண்டுகள் கல்லூரியில் தங்கிக் கற்க வேண்டும். மூன்றாம் ஆண்டு ஒரு பாடசாலையில் கட்டுறு பயில்வு, அதாவது கற்பித்தபடியே பெறும் பயிற்சி. நமக்கு அருகில் பூந்தோட்டத்தில் வவுனியாக் கல்லூரியும் கோப்பாயில் யாழ்ப்பாணக் கல்லூரியும் உள்ளன. விண்ணப்பம் வர்த்தமானியில் பாடவாரியாகக் கோரப்படும். வயது, சாதாரணதரப் பெறுபேறு, உயர்தரப் பாடச்சேர்க்கை ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு கற்கைநெறிக்கும் தனி நிபந்தனை இருக்கும். தங்குமிடமும் கொடுப்பனவும் கிடைப்பதால், நாளாந்தக் கூலியில் பிள்ளைகளைப் படிப்பிக்கும் குடும்பத்துக்கு இது பெரும் ஆறுதல். ஆரம்பக்கல்வி ஆசிரியராக விரும்புபவருக்கு இதைவிட நேரான பாதை இல்லை என்பது என் கருத்து. பல்கலைக்கழகத்திலும் கல்லூரியிலும் ஒருசேரப் பதிவு செய்திருக்க முடியாது என்பதால், இரண்டிலிருந்தும் கடிதம் வந்தால் கடைசி நாளுக்கு முன்னர் ஒன்றைத் தெரிவு செய்துகொள்ள வேண்டும். டிப்ளோமா பெற்றுச் சேவையில் சேர்ந்தவர்கள் மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தின் ஊடாகவோ திறந்த பல்கலைக்கழகத்தின் ஊடாகவோ பின்னர் கல்விமாணிப் பட்டத்தைப் பெற வாய்ப்புண்டு.

தொண்டர் ஆசிரியராகச் சேர்ந்துவிட்டால் நாளடைவில் நிரந்தரமாக்குவார்கள் என்ற நம்பிக்கை போருக்குப் பின்னர் வன்னியில் பல இளம் பெண்களின் ஆண்டுகளை விழுங்கியது. அவர்கள் இல்லாவிடில் பல பாடசாலைகளில் வகுப்பே நடந்திராது. அந்த நன்றி என்றும் இருக்க வேண்டும். எனினும் உயர்தரம் முடித்த ஒருவருக்கு நான் சொல்வது இது: ஊர்ப் பாடசாலையில் சில மாதங்கள் உதவியாகக் கற்பியுங்கள், அதிபரிடமிருந்து கடிதம் பெறுங்கள், ஆனால் அதற்காக ஒரு விண்ணப்ப முடிவுத் திகதியையும் தவறவிடாதீர்கள்.

பட்டப்படிப்புக் காலத்தில் விரிவுரைக்கு வெளியே மூன்று வேலைகளைச் செய்துவைத்தால் பின்னர் சுமை குறையும். சிங்களத்தை வாசிக்கவும் பேசவும் பழகுவது ஒன்று. அரச சேவையில் சேர்ந்த பின்னர் இரண்டாம் அரசகரும மொழித் தேர்ச்சி கேட்கப்படும், அந்த நேரத்தில் நெடுந்தூரப் பயணத்துக்கும் வகுப்புக்கும் இடையில் எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பது துன்பம். தேசிய கல்வி நிறுவகம் வெளியிட்ட உங்கள் பாடத்துக்குரிய ஆசிரியர் வழிகாட்டியைத் தரம் 6 முதல் 11 வரை எடுத்து, பாடநூலோடு ஒப்பிட்டு வாசிப்பது இன்னொன்று. பட்டத்தில் உயர்கணிதம் படித்த பலர் தரம் 7 பிள்ளைக்குப் பின்னத்தை விளக்க முடியாமல் திணறுவது இந்த வாசிப்பு இல்லாமையால்தான்.

மூன்றாவது, கற்பித்துப் பழகுவது. விடுமுறையில் ஊருக்கு வரும்போது சனசமூக நிலையத்திலோ ஆலய மண்டபத்திலோ பத்துப் பிள்ளைகளைச் சேர்த்து வாரம் இரு நாள் வகுப்பெடுங்கள். அவர்கள் ஒரே தரத்தினராக இருக்க மாட்டார்கள், அதுவே நன்மை. வன்னியின் சிறிய பாடசாலைகளில் இரண்டு, மூன்று தரங்களை ஒரே ஆசிரியர் ஒரே அறையில் வைத்துக் கற்பிக்கும் நிலை இன்றும் உண்டு. பல்தரக் கற்பித்தல் என்ற தலைப்பை நூலில் படிப்பதற்கும், ஒரு பக்கம் தரம் 3 எழுதிக்கொண்டிருக்க மறுபக்கம் தரம் 5க்கு வாய்விட்டு வாசிப்பதற்கும் உள்ள இடைவெளியை அந்த மண்டபம்தான் காட்டும். உதாரணங்களையும் அங்கேயே தேடுங்கள். மாரியில் இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம் அடிக்கணக்கில் அறிவிக்கப்படும்போது, அதை மீற்றருக்கு மாற்றுவது ஒரு கணிதப் பாடம். ஏக்கருக்கு எத்தனை மூடை நெல் என்ற வீட்டுப் பேச்சு விகிதத்துக்கான பாடம். மழையளவையும் குள மட்டத்தையும் ஒரே வரைபில் குறிக்கச் சொன்னால் புவியியலும் உள்ளே வந்துவிடும். இப்படி நடத்திய ஒவ்வொரு வகுப்புக்கும் நோக்கம், செயற்பாடு, கணிப்பீடு என்று ஒரு பக்கப் பாடக்குறிப்பு எழுதிவையுங்கள். எது சரிவரவில்லை என்பதை அதன் கீழே இரண்டு வரியில் குறியுங்கள். கற்பித்தற் பயிற்சிக் காலத்தில் மேற்பார்வைக்கு வரும் விரிவுரையாளர் முதலில் கேட்பது அந்தக் கொப்பியைத்தான்.

பட்டம் கிடைத்த பின்னர் மாகாணப் பாடசாலைகளுக்கான ஆட்சேர்ப்பு வடமாகாண அதிகாரிகளாலும் தேசிய பாடசாலைகளுக்கானது கல்வி அமைச்சாலும் அறிவிக்கப்படும். வழமையாகப் பொது அறிவும் நுண்ணறிவும் சோதிக்கும் எழுத்துப் பரீட்சை, சில நிமிடங்கள் கற்பித்துக் காட்டும் செயன்முறைப் பரீட்சை, சான்றிதழ்கள் பார்க்கப்படும் நேர்முகம் ஆகியன இருக்கும். செயன்முறைப் பரீட்சையில் முழு அலகையும் கொட்ட முயல்பவர் தோற்பார். ஒரே ஒரு எண்ணக்கருவை எடுத்து, ஒரு கேள்வியில் தொடங்கி, ஒரு சிறு கணிப்பீட்டில் முடியுங்கள். கரும்பலகையில் எழுத்து நேராக விழவும் கடைசி வரிசைக்குக் குரல் கேட்கவும் வீட்டிலேயே பழக வேண்டும்.

சான்றிதழ் விடயத்தில் நமக்குத் தனிச் சிக்கல் இருக்கிறது. 2009இல் பல குடும்பங்கள் உடுத்த துணியோடு வந்தன. பெற்றோரின் விவாகப் பதிவும் பிள்ளையின் பிறப்புப் பதிவும் எங்கோ போயின. பிறப்புச் சான்றிதழின் உறுதிப்படுத்திய பிரதியைப் பிரதேச செயலகத்திலும், பரீட்சைப் பெறுபேற்றுச் சான்றிதழைப் பரீட்சைத் திணைக்களத்திலும் பெறலாம். விண்ணப்பம் கோரும் வரை காத்திராமல், பல்கலைக்கழகம் புகும் ஆண்டிலேயே எடுத்துவிடுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பெறுபேற்றிலும் பெயரின் முதலெழுத்தும் எழுத்துக்கூட்டலும் ஒன்றாக உள்ளனவா என்று மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு 'ன'கர 'ண'கர வேறுபாட்டுக்காகச் சத்தியக்கடதாசி முடிக்க அலைந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். கிராம அலுவலர் நற்சான்றிதழை மட்டும் முன்கூட்டி எடுக்க வேண்டாம், அது பழசாகிவிடும்.

நியமனம் பெரும்பாலும் கஷ்ட அல்லது அதிகஷ்டப் பிரதேசப் பாடசாலைக்கே கிடைக்கும். ஏ9 வீதியை அண்டிய பாடசாலையை எதிர்பார்த்து மனம் சலிப்பதைவிட, காலை பஸ் எத்தனை மணிக்கு, மழைக்காலத்தில் பாதை எப்படி, தங்க அறை உண்டா என்பவற்றை அதிபரிடம் முதலே விசாரிப்பது நல்லது. கடமையேற்ற நாளன்றே கடமையேற்புக் கடிதத்தின் பிரதியைக் கேட்டு வாங்கி, நியமனக் கடிதத்துடன் ஒரு கோவையில் இடுங்கள். பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுக்கு விண்ணப்பிக்கும்போதும் சேவையில் முன்னேறுவதற்கான வினைத்திறன்காண் தடைதாண்டலின்போதும் அவையே கேட்கப்படும். டிப்ளோமாவில் கல்வி உளவியல், கல்விச் சமூகவியல், கணிப்பீடும் மதிப்பீடும், பாட முறையியல் ஆகியவற்றோடு கற்பித்தற் பயிற்சியும் உண்டு. பகுதிநேரமாகப் படிப்பவருக்கு வார இறுதி வகுப்புக்காக யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ போய்வர வேண்டியிருக்கும். மாங்குளத்தில் இறங்கி ஒட்டுசுட்டான் பக்கம் செல்பவர் மாலைக் கடைசி பஸ்ஸின் நேரத்தை வகுப்பில் சேருவதற்கு முன்னரே குறித்துவைக்க வேண்டும். அது கிடைக்காத நாட்களில் தங்குவதற்கு ஒரு உறவினர் வீட்டையும் இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.