ஜப்பானில் ஆங்கிலம் கற்பிக்கும் வேலை: கையெழுத்துப் போடும் முன் பள்ளியைத் துருவுவது எப்படி

ரெஸ்யூமே, ஜூம் நேர்காணல் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. ஆஃபர் வந்த பிறகு செய்ய வேண்டியதை மட்டும் சொல்கிறேன்.

கூகுள் ரெவ்யூ எனக்குப் பிடிக்காது. எய்காய்வா எனப்படும் ஆங்கில உரையாடல் பள்ளிகளுக்கு அதை எழுதுவது மாணவர்களும் அவர்களின் அம்மாக்களும்தான். வாத்தியாருக்குச் சம்பளம் ஒழுங்காக வருகிறதா என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்? பெரிய பெயரும் பாதுகாப்பில்லை. ஊரெல்லாம் கிளை வைத்திருந்த நோவா 2007இல் திவாலானது, ஜியோஸ் 2010இல்.

படி 1: பதிவுப் பெயர். இரண்டு நாள் நான் தடுமாறியது இங்கேதான். போர்டில் இருந்த ஆங்கிலப் பெயரை அரசுத் தளங்களில் தேடினேன், ஒன்றும் வரவில்லை. போலிப் பள்ளி என்றே முடிவு கட்டிவிட்டேன். ஆனால் அது வெறும் கடைப்பெயர். நடத்தும் கம்பெனியின் பெயர் வேறு, அதுவும் காஞ்சி எனப்படும் ஜப்பானியச் சித்திர எழுத்தில். பள்ளியின் ஜப்பானிய மொழிப் பக்கத்தில் கடைசி வரை இறங்கினால் 'கைஷா கையோ', அதாவது நிறுவன விவரம், என்று ஓர் இணைப்பு இருக்கும். பெயரும் முகவரியும் அதற்குள்.

சரி, பெயர் கிடைத்தது, காப்பி செய்து தேடினேன். மறுபடியும் பூஜ்யம்! குரோம் பக்கத்தை மொழிபெயர்த்தபோது கம்பெனிப் பெயரையும் சேர்த்து ஆங்கிலமாக்கியிருந்தது. மொழிபெயர்ப்பை அணைத்துவிட்டுக் காப்பி செய்யுங்கள். படிப்பதற்கு மட்டும் டீப்எல் என்ற மொழிபெயர்ப்புத் தளம். எனக்கு அதுதான் சௌகரியம்.

படி 2: 13 இலக்க எண். தேசிய வரித்துறையின் 'ஹோஜின் பாங்கோ', அதாவது நிறுவன எண், தளத்தில் அந்தப் பெயரை இடுங்கள். ஒரே பெயரில் பல கம்பெனிகள் வரலாம். முகவரியை ஒப்பிட்டுப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: காப்பீடு. ஜப்பான் ஓய்வூதியச் சேவையின் தளத்தில், ஊழியர் ஓய்வூதியத்தில் சேர்ந்த நிறுவனங்களைத் தேடும் பக்கம் உண்டு. தலைமை அலுவலகம் இருக்கும் மாகாணத்தைத் தேர்ந்து அந்த எண்ணைப் போடுங்கள். எனக்கு ஆஃபர் தந்த பள்ளி அதில் இல்லை. கேட்டால், "நீங்களே தேசியக் காப்பீட்டில் சேர்ந்துகொள்ளுங்கள், கையில் கூடுதலாகப் பணம் வரும்" என்றார்கள். ஷகாய் ஹோகென் என்ற ஊழியர் காப்பீட்டில் (மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் சேர்ந்தது) பாதிப் பங்கை முதலாளி கட்ட வேண்டும், அதைத்தான் மிச்சம் பிடிக்கப் பார்த்தார்கள். வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

படி 4: கறுப்புப் பட்டியல். தொழிலாளர் சட்டத்தை மீறிச் சிக்கிய நிறுவனங்களின் பெயரை 2017 முதல் தொழிலாளர் அமைச்சகம் பிடிஎஃப்பாக வெளியிடுகிறது. அதே காஞ்சிப் பெயரை அதிலும் தேடுங்கள், ஒரு நிமிட வேலை.

அப்புறம் ஒப்பந்தம். வேலை நிபந்தனைகளை எழுத்தில் தருவது சட்டப்படி முதலாளியின் கடமை, வாய்ப்பேச்சை ஏற்காதீர்கள். வாரத்துக்கு 29.5 மணி நேரம் என்று போட்டிருந்தால் உஷார். 40 மணி நேர வாரத்தில் முக்கால் பங்கான 30ஐத் தொடாமல், காப்பீட்டிலிருந்து நழுவுவதற்கான பழைய கணக்கு அது.

பின்சேர்க்கை: "29.5 போட்டால் காப்பீடே கிடையாதா?" என்று இருவர் கேட்டிருந்தீர்கள். 2024 அக்டோபரிலிருந்து 51 பேரோ அதற்கு மேலோ காப்பீட்டில் உள்ள நிறுவனங்களில், வாரம் 20 மணி நேரமும் மாதம் 88,000 யென்னும் எட்டினால் பொதுவாகச் சேர்த்தே ஆக வேண்டும். சின்னப் பள்ளிகளில்தான் அந்தக் கணக்கு இன்னும் ஓடுகிறது. அங்கே எத்தனை ஊழியர்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள்.