மந்திரம் தீர்க்காததைக் கவனியுங்கள்: 'ஓஜமாஜோ டோரெமி' பார்க்க ஒரு கையேடு

பள்ளிச் சிறுமி ஒருத்தி வழியில் தென்பட்ட விநோதமான கடைக்குள் நுழைகிறாள். கடைக்காரம்மாவைப் பார்த்து, "நீங்க மந்திரக்காரிதானே?" என்று வாய்விட்டுக் கேட்டுவிடுகிறாள். அவ்வளவுதான், அந்த அம்மாள் கொழகொழவென்று ஒரு பச்சைத் தவளை உருவமாகச் சுருங்கிப்போகிறார். மனிதர் யாராவது கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் மந்திரக்காரிக்கு இதுதான் கதி. பழைய உருவம் திரும்ப வேண்டுமானால், சொன்னவளே மந்திரம் படித்துத் தேறி வந்து மீட்க வேண்டும். கடைக்காரம்மா பெயர் மாஜோ ரிக்கா. சிறுமி பெயர் ஹருகஸே டோரெமி.

டோயே அனிமேஷன் தயாரித்த இந்த அனிமே (ஜப்பானிய அனிமேஷன்) தொடர் 1999 பிப்ரவரி 7 அன்று ஜப்பானில் ஞாயிறு காலை 8.30 மணிக்கு ஒளிபரப்பாகத் தொடங்கியது. சின்னப் பெண்களுக்காக, பொம்மை விற்பனையையும் கணக்கில் வைத்து எடுத்தது. 'நருட்டோ' மாதிரி சண்டைத் தொடர் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதல் இரண்டு எபிசோடில் இளஞ்சிவப்பும் கூச்சலும்தான் தெரியும். அதற்கடியில் இருப்பது தெரியக் கொஞ்சம் ஏற்பாடு வேண்டும்.

வரிசையும் கணக்கும்

மொத்தம் நான்கு சீசன். முதல் சீசன் 51 எபிசோட்; இரண்டாவது 'ஷார்ப்' 49; மூன்றாவது 'மோட்டோ' 50; நான்காவது 'டொக்கான்' 51. ஆக 201. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 24 நிமிடம் என்பதால் எல்லாம் சேர்ந்து 80 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். 2003 ஜனவரியில் முடிந்தது. பிறகு 2004-இல் 'நைஷோ' என்று 13 எபிசோட் கொண்ட ஓவிஏ (வழக்கமான டிவி ஒளிபரப்புக்கு வெளியே, வீடியோ விற்பனைக்காக எடுப்பது) வந்தது. அதன் கதை நடப்பது மூன்றாவது சீசன் காலத்தில். ஆனாலும் நான்கையும் முடித்துவிட்டு அதைப் பார்ப்பதே நல்லது. எல்லாரையும் அறிந்தபின் பழைய நாள் ஒன்றுக்குள் திரும்பிப் போகும் சுகம் அப்போதுதான் கிடைக்கும்.

வரிசையை மாற்றக் கூடாது. டோரெமியும் அவளோடு மந்திரம் படிக்கும் தோழிகளும் முதல் சீசனில் மூன்றாம் வகுப்பு, அடுத்தடுத்த சீசன்களில் நான்கு, ஐந்து, ஆறு. நான்கு ஆண்டு ஓடிய தொடரில் நான்கு ஆண்டு வளர்கிறார்கள். குழந்தைகளுக்கான தொடர்களில் பாத்திரங்களுக்கு வயதே ஏறாமல் இருப்பது சகஜம். இங்கே ஏறுகிறது, அதற்குரிய விலையும் கொடுக்கப்படுகிறது. நான்காவது சீசனுக்கு நல்ல பேர் இருப்பதால் நேரே அங்கே குதிக்கிறவர்கள் உண்டு. அவர்களுக்கு ஹனா வெறும் குறும்புக்காரச் சிறுமியாகத்தான் தெரிவாள். ரோஜாவிலிருந்து பிறந்த கைக்குழந்தையாக அவளை இரண்டாவது சீசன் முழுக்க இந்தப் பெண்களே தூக்கிச் சுமந்து, பால் புகட்டி, தூக்கம் கெட்டு வளர்த்தார்கள். அதைப் பார்க்காதவருக்கு நான்காவது சீசனின் பாதி கனம் போய்விடும்.

201 மலைப்பாக இருந்தால் முதல் சீசனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது தனிக்கதையாகவே முடியும்.

திரையில் இரண்டு திருத்தம்

இது 4:3 விகிதத்தில் எடுத்த படம். அகலத்திரை டிவி அதை இழுத்து நிரப்பினால் வட்ட முகங்கள் நீள்வட்டமாகிவிடும். உமகோஷி யோஷிஹிக்கோ வரைந்த பாத்திரங்களுக்கு அந்த வட்டமே உயிர். பட அளவு அமைப்பில் 4:3 அல்லது 'ஒரிஜினல்' என்று வையுங்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும்.

அடுத்தது 'மோஷன் ஸ்மூத்திங்'. கம்பெனிக்குக் கம்பெனி இதற்குப் பெயர் மாறும். அசைவை வழவழப்பாக்கும் அமைப்பு எதுவானாலும் அணைத்துவிடுங்கள். இந்த வகை அனிமேயில் வினாடிக்கு 24 பிரேம் ஓடினாலும் ஒரே ஓவியம் இரண்டு மூன்று பிரேம் நின்றுதான் அடுத்தது வரும். டிவி நடுவில் தானே பிரேம்களை இட்டு நிரப்பும்போது கோடுகள் கலங்கி, கையைச் சுற்றி நிழல் படியும். முகம் திடீரென்று கோணிக்கொள்ளும் நகைச்சுவை முழுக்க அந்த 'வெடுக்' அசைவை நம்பியிருக்கிறது. அது வழவழப்பானால் சிரிப்பு வராது.

ஒலி ஜப்பானிய மொழியிலேயே இருக்கட்டும். 2005-இல் அமெரிக்காவில் வந்த ஆங்கில டப்பில் டோரெமி 'டோரி' ஆனாள், அவள் தோழி ஐக்கோ 'மிராபெல்' ஆனாள். அதுவும் முதல் சீசனோடு நின்றுபோனது. ஐக்கோ ஒசாகாவிலிருந்து மாறி வந்தவள். அவள் பேச்சில் அந்த ஊர் வாடை அடிக்கும். சப்டைட்டிலில் பாதி விட்டுப்போனாலும் காதில் விழும்.

எவ்வளவு வேகம்

ஒரு நாளைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. வாரத்துக்கு ஒன்று என்று ஓடிய தொடரை ஒரே மூச்சில் ஆறு ஏழு என்று விழுங்கினால், உடைமாற்றக் காட்சியும் மந்திரச் சொற்களும் நாலாவது தடவையிலேயே எரிச்சலாகும். தொடரை விட்டு எழுந்து போகிறவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் எழுகிறார்கள்.

அந்தக் காட்சிகள் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை கவனமாக வரைந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாரமும் எடுத்துப் பயன்படுத்துவதை அனிமே தொழிலில் 'பேங்க்' என்பார்கள். வாராவாரம் எபிசோட் தரவேண்டிய ஸ்டூடியோவுக்கு அது நேரமும் செலவும் மிச்சம். குழந்தைக்கு மனப்பாடம் செய்து கூடவே ஆட ஒரு சடங்கு. பொம்மை விற்பவருக்கு இலவச விளம்பரம். முதல் ஐந்தாறு முறை தள்ளாமல் பாருங்கள். ஒரே உடை, ஒரே இசை என்றாலும் டோரெமி துள்ளுவாள், இன்னொரு தோழி, பயந்த சுபாவக்காரி ஹஸுக்கி தயங்குவாள், ஐக்கோ விளையாட்டு வீராங்கனைபோல நிற்பாள். வசனமே இல்லாத பாத்திர அறிமுகம் அது. மனத்தில் பதிந்த பிறகு தள்ளிவிட்டுப் போனாலும் குற்றமில்லை.

நேரம் இருப்பவர்கள் நாட்காட்டியோடு சேர்த்துப் பார்த்துப் பாருங்கள். சீசன் ஒவ்வொன்றும் பிப்ரவரி தொடக்கத்தில் ஆரம்பித்து அடுத்த ஜனவரிக் கடைசியில் முடிந்தது. ஆகவே கோடை விடுமுறை, பள்ளி விளையாட்டு விழா, கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் அந்தந்த மாதத்திலேயே கதைக்குள் வரும். பிப்ரவரி முதல் ஞாயிறு தொடங்கி வாரம் ஒன்று என்று போனால், அன்று ஜப்பானில் ஒரு குழந்தை பார்த்த மாதிரியே பார்க்கலாம். பொறுமை வேண்டும்; எல்லாருக்கும் சொல்லும் வழி இல்லை.

மூன்று எபிசோடில் தீர்ப்பு வழங்கும் பழக்கம் இங்கே செல்லாது. ஆரம்பம் ஆட்களைச் சேர்ப்பதிலேயே போய்விடும். பத்தாவது எபிசோட் வரை பொறுங்கள். அதற்குள் வகுப்புத் தோழர்களின் சொந்தக் கதைகள் தொடங்கிவிடும். 35-வது எபிசோடில் குழந்தை நட்சத்திரம் செகவா ஓன்பு அதே பள்ளியில் வந்து சேர்கிறாள். கதையில் பல் முளைப்பது அங்கிருந்துதான்.

எதைப் பார்ப்பது

தொடரின் சூட்சுமம் மந்திரத்துக்குப் போட்ட கட்டுப்பாடுகளில் இருக்கிறது. இவற்றைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தால் அசட்டுத்தனம் என்று தோன்றிய காட்சிகளுக்கும் பொருள் விளங்கும்.

முதலாவது செலவு. மந்திரம் போட மந்திர மணிகள் வேண்டும். போடப் போட அவை தீரும். புதிதாக வாங்கக் காசு வேண்டும். அந்தக் காசுக்கு மாஜோ ரிக்காவின் 'மாஹோ-தோ' கடையில் இவர்களே சிறு பொருள்கள் செய்து விற்க வேண்டும். பள்ளி விட்டதும் கடை, கடையில் உழைத்தால் மணி. எத்தனை தொடர்களில் மந்திரக்கோலுக்கு வரவு செலவுக் கணக்கு இருக்கிறது? மூன்றாவது சீசனில் அதே கடை இனிப்புக் கடையாக மாறுகிறது. நியூயார்க்கிலிருந்து வந்த மொமோக்கோ, ஜப்பானிய மொழி சரளமாக வராமல் திணறிக்கொண்டே கேக் செய்யக் கற்றுத்தருகிறாள்.

இரண்டாவது தேர்வு. 9-ஆம் நிலையில் தொடங்கி 1-ஆம் நிலை வரை ஏற வேண்டும். முதல் சீசனின் முதுகெலும்பு இது. தேர்வு எபிசோடுகள் பெரும்பாலும் கலகலப்பானவை, கண்ணை மூடிக்கொண்டு ரசிக்கலாம்.

மூன்றாவதுதான் முக்கியம்: தடை. நோயையோ காயத்தையோ ஆற்றக் கூடாது. இறந்தவரை எழுப்பக் கூடாது. மனிதர் மனத்தை மாற்றக் கூடாது. மீறினால் அதன் பலன் போட்டவர் மேலேயே திரும்பும். யோசித்துப் பாருங்கள், ஒரு குழந்தை மந்திரம் கிடைத்தால் முதலில் கேட்கக்கூடிய எல்லாமே இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது. ஐக்கோவின் அப்பா டாக்ஸி ஓட்டுகிறார். அம்மா பிரிந்து போய்விட்டார். இருவரையும் சேர்த்துவைக்க அவளிடம் மந்திரம் இருந்தும் இல்லை. ஓன்பு மட்டும் இந்தத் தடையை அலட்சியமாக மீறுகிறாள். திரும்பி வரும் பலனைத் தடுக்கும் வளையம் ஒன்று அவள் கையில் இருக்கிறது. அந்த வளையத்தின் மேல் ஒரு கண் வைத்திருங்கள்.

எனவே ஒவ்வொரு எபிசோடிலும் இரண்டு கேள்வி போதும். மந்திரம் எந்த இடத்தில் வந்தது? அது எதைத் தீர்க்காமல் விட்டது? பெரும்பாலும் மந்திரம் சந்தர்ப்பத்தை உண்டாக்கும், அல்லது குட்டையைக் குழப்பும். பேச வேண்டியதைக் குழந்தைகளேதான் பேசியாக வேண்டும். பொய் சொல்லியே நண்பர்களைச் சேர்க்கப் பார்க்கும் பையன், பள்ளி வாசலைத் தாண்ட முடியாமல் திரும்பிப் போகும் பெண் என்று வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை உண்டு. பள்ளிக்கு வர முடியாத அந்தப் பெண்ணின் பிரச்சினை ஒரே எபிசோடில் தீராது, மூன்றாவது சீசனிலிருந்து நான்காவது வரை நீளும். அவசரப்படுத்தாமல் விட்டதற்காகவே எழுத்தாளர்களைப் பாராட்டலாம்.

குழந்தையோடு பார்ப்பதாக இருந்தால்

ஏழு வயதுக்குக் கீழே சப்டைட்டில் ஓட்டத்துக்குப் படிக்க முடியாது. வரி விடாமல் உரக்கப் படித்துக் காட்டினால் இருவருக்கும் சீக்கிரம் அலுப்புத் தட்டும். காட்சி மாறும்போது நிறுத்தி, "இவளுக்கு அம்மா மேல கோபம்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். மந்திரச் சொற்களை மொழிபெயர்க்க வேண்டாம். டோரெமியின் 'பிரிக்கா பிரிலாலா போபொரினா பெபெருத்தோ' என்பதற்குச் சொல்லும்படி அர்த்தமில்லை. குழந்தை இரண்டு நாளில் தானே சொல்லும். நீங்கள் சற்றுப் பின்னால் வருவீர்கள்.

பெற்றோர் பிரிவு, மரணம், நோய் எல்லாம் கதைக்குள் வருகின்றன, முக்கியமாகப் பின் சீசன்களிலும் 'நைஷோ'விலும். ஓவிஏவின் 12-வது எபிசோட் நோயுற்ற சிறுமி ஒருத்தியைப் பற்றியது. அதை முதலில் நீங்கள் தனியாகப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள்.

40-வது எபிசோட்

நான்காவது சீசனின் 40-வது எபிசோடை இயக்கியவர், பின்னாளில் அனிமே படங்களால் பேர் பெற்ற ஹொசோடா மமோரு. அனிமே ரசிகர்கள் பலர் இதை மட்டும் தனியாகத் தேடிப் பார்க்கிறார்கள். தனியாகவும் புரியும். ஆனால் தோழிகள் எல்லாருக்கும் ஏதோ ஒரு திறமை, ஒரு பாதை இருக்க, தனக்கு மட்டும் எதுவும் இல்லை என்று டோரெமி உணரும் கதை இது. அவள் எதுவும் இல்லாமலேயே எல்லாருக்கும் ஓடி உதவியதை 190 எபிசோட் பார்த்தவருக்கு அது வேறு மாதிரி வலிக்கும்.

பார்க்கும்போது பாதை இரண்டாகப் பிரியும் அந்த ஒரே இடம் எத்தனை முறை காட்டப்படுகிறது, ஒவ்வொரு முறையும் அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மந்திரத்தைக் கைவிட்டுக் கண்ணாடிப் பொருள் செய்து வாழும் மிராய் என்ற பெண்ணை அங்கே சந்திக்கிறாள். கண்ணாடி மெல்ல மெல்ல ஓடிக்கொண்டிருக்கிறது என்று அதில் ஒரு பேச்சு வரும். அறிவியல்படி அது சரியில்லை, கதைப்படி அதைவிடப் பொருத்தமான பேச்சு கிடைக்காது. மிராய்க்குக் குரல் கொடுத்தவர் நடிகை ஹரதா டொமொயோ. காலத்தில் தாவும் பெண்ணாக 1983-இல் திரையில் நடித்தவர். அதே மூலக்கதையை ஒட்டி 2006-இல் ஹொசோடா ஓர் அனிமே படம் எடுத்தார்.

ஒரு எச்சரிக்கை: முடியும் முன் பாத்திரங்களின் பெயரைத் தேடுபொறியில் போடாதீர்கள். ஓன்பு, ஹனா இரண்டு பெயருக்கும் முதல் பக்கத்திலேயே கதை உடைந்துவிடும். வீடியோ தளங்களின் முகப்புப் படங்களும் அப்படியே.

முடித்தபின்

அடுத்து என்ன என்றால், குழந்தைத்தனம் குறைந்து அழகு கூடியது வேண்டுமானால் 'கார்ட்கேப்டர் சகுரா'. 1998-இல் தொடங்கியது, 70 எபிசோட், மேட்ஹவுஸ் தயாரிப்பு. சண்டை வேண்டுமானால் 2004-இல் தொடங்கிய 'பிரிக்யூர்'. பெரும்பாலும் ஆண்டுக்கொரு புதிய அணி என்பதால் எந்த ஆண்டிலிருந்தும் நுழையலாம். முதல் தொடருக்கும் 2005-இல் வந்த 'மேக்ஸ் ஹார்ட்'டுக்கும் ஒரே நாயகிகள்; 2007-இல் வந்த 'யெஸ்! பிரிக்யூர் 5'-க்கும் 2008-இல் வந்த அதன் தொடர்ச்சிக்கும் அப்படியே. அவற்றை வரிசையாகப் பாருங்கள்.

2020 நவம்பரில் டோரெமியின் இருபதாண்டு நிறைவை ஒட்டி ஒரு படம் வந்தது. அதன் நாயகிகள் சிறுவயதில் டோரெமி பார்த்து வளர்ந்த மூன்று பெண்கள்; கமகுராவில், மாஹோ-தோ கடைக்கு மாதிரி என்று சொல்லப்படும் வீட்டெதிரே ஒருவரையொருவர் சந்திக்கிறார்கள். டோரெமி கூட்டத்தின் அடுத்த கதை என்று நினைத்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான். குறைந்தது முதல் இரண்டு சீசனாவது பார்த்திருந்தால் அந்தப் பெண்கள் எதைப் பற்றிப் பேசிச் சிரிக்கிறார்கள் என்று தெரியும்.