முதல் வயலின்: வாடகையா, சொந்தமா?

வகுப்பில் சேர்ந்த கையோடு பலரும் இருப்பதிலேயே மலிவான வயலினை இணையத்தில் வரவழைத்துவிடுகிறார்கள். வாடகைக் காசு திரும்பி வராது, வாங்கினால் பொருளாவது மிஞ்சும் என்று கணக்கு. மிஞ்சுகிற பொருள் வாசிக்கிற மாதிரி இருந்தால் சரி.

அடிமட்ட விலை வயலினில் பிருடை (தந்தியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் முளை) நிற்காமல் வழுக்கும். சுருதி சேர்த்துவிட்டு வில்லை எடுப்பதற்குள் தந்தி இறங்கியிருக்கும். குதிரையை, அதாவது தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு மரத்துண்டை, அளவாகச் செதுக்காமல் அனுப்பியிருப்பார்கள். அது உயரமாக இருந்தால் தந்தியை அழுத்தி அழுத்தி விரல் நோகும். மேல்விளிம்பில் வளைவு போதாவிட்டால் ஒரு தந்தியில் வில் போடும்போது பக்கத்துத் தந்தியும் சேர்ந்து கத்தும். பழகுகிறவரோ குறை தன் கையில்தான் என்று நினைத்துக்கொள்வார். (பெட்டியைத் திறக்கும்போது குதிரை படுத்துக் கிடந்தால் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். தந்திகளின் அழுத்தம்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது.) வாடகைக்குக் கொடுக்கும் நல்ல கடையில் இதையெல்லாம் சரிபார்த்துத்தான் கையில் தருவார்கள். ஆரம்பத்தில் நான் வாடகைப் பக்கம் சாய்வதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

பிள்ளைகளுக்கு என்றால் யோசிக்கவே வேண்டாம், வாடகைதான். வளர வளர 1/8, 1/4, 1/2, 3/4 என்று வயலின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று ஒரு அளவு பெரிதாக எடுப்பது சட்டைக்குச் சரிவரும், வயலினுக்கு ஆகாது. வாசிக்கும் நிலையில் வைத்து இடது கையை நீட்டச் சொல்லுங்கள். முழங்கை லேசாக மடங்கியபடியே வயலின் கழுத்தின் நுனியில் உள்ள சுருள் முனையைப் பிடிக்க முடிய வேண்டும்.

வாடகைக்கு எடுப்பவர்கள் ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். தந்தி அறுந்தால் யார் செலவு? வெயிலில் நின்ற காருக்குள் விட்டுப் பசை இளகி மூட்டு பிரிந்தால்? கட்டிய வாடகையை விலையில் கழித்துக்கொள்வோம் என்றால், எந்த வயலினுக்கு, முழுவதுமா பாதியா என்று கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கழிவு அதே கடையில்தான் செல்லும். வேறு கடையில் அதைவிட நல்லது கிடைத்தாலும் கட்டிய காசை நினைத்து மனம் வராது.

பெரியவர்கள் செய்வது வேறு தவறு: நிறுத்த மறப்பது. முழு அளவுக்கு மேல் மாற்ற வேண்டியதில்லை. சில மாதம் வாசித்து, தொடர்வோம் என்று தெரிந்த பிறகும் வாடகை கட்டிக்கொண்டிருப்பது வீண். அப்போது வாங்கலாம். வாங்கும்போது ஆசிரியரை வாசிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் பத்தடி தள்ளி நின்று கேளுங்கள். காதோரம் கேட்கிற ஒலியும் எதிரே இருப்பவருக்குக் கேட்கிற ஒலியும் ஒன்றல்ல.