சாப்பாட்டு மேசைக் கேலிப்படங்கள்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்து, புதிதாக வாங்கிய அச்சுப்படம் ஒன்றை மேசைமேல் வைத்தார். ஆங்கிலேயக் கேலிப்பட ஓவியர் ஜேம்ஸ் கில்ரே 1792ல் செப்புத் தகட்டில் செதுக்கிய படம். வேல்ஸ் இளவரசர், அதாவது பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரானவர், வயிறு முட்டத் தின்றுவிட்டு நாற்காலியில் சாய்ந்தபடி முள்கரண்டியால் பல் குத்துகிறார். கொண்டுவந்தவர் முகத்தில் அவ்வளவு பூரிப்பு. நான் தாளைத் திருப்பினேன். பின்பக்கத்திலும் வேறொரு படம் அச்சாகியிருந்தது. அதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். இதே படத்தை வாங்கி, இதே தவறை நானும் செய்தவன்.

புத்தகத்திலிருந்து கிழித்த நகலை அசல் என்று நம்புவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அது எவருக்கும் பிடிபட்டுவிடும்.

அடியில் உள்ள தேதியை நம்புவது

இங்கிலாந்தின் 18ம் நூற்றாண்டு அச்சுப்படங்களின் கீழ் விளிம்பில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். வெளியிட்ட நாள், வெளியிட்டவர் பெயர், பெரும்பாலும் கடை இருந்த தெரு. ஓவியர் வில்லியம் ஹோகார்த் முன்நின்று கேட்டு வாங்கிய 1735ம் ஆண்டுச் சட்டம்தான் இதற்குக் காரணம். உரிமையாளர் பெயரும் தேதியும் தகட்டில் இருந்தால் 14 ஆண்டுகளுக்கு வேறு யாரும் அதைக் காப்பியடிக்க முடியாது. இளவரசர் படத்தில் 1792 ஜூலை 2, எச். ஹம்ப்ரி என்று இருக்கிறது. அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

அந்த வரி தாளின் வயதைச் சொல்வதில்லை. அது செப்புத் தகட்டிலேயே வெட்டப்பட்டது. எத்தனை ஆண்டு கழித்து மை தடவி அழுத்தினாலும் அதே தேதிதான் விழும். கில்ரே 1815ல் இறந்தார், அவர் படங்களை விற்ற ஹன்னா ஹம்ப்ரி 1818ல் இறந்தார். அப்புறம் தகடுகள் கைமாறி ஹென்றி போன் என்ற பதிப்பாளரிடம் வந்து சேர்ந்தன. அவர் 1851 வாக்கில் அவற்றைக் கனத்த தாளில், வண்ணம் இல்லாமல், இரண்டு பக்கமும் அச்சடித்துப் பெரிய தொகுப்பாக வெளியிட்டார். அந்தத் தொகுப்புகளைப் பிரித்துத்தான் ஒவ்வொரு தாளாக விற்கிறார்கள். சிலவற்றுக்குப் பிற்காலத்தில் யாரோ வண்ணமும் தீட்டியிருப்பார்கள்.

நான் வாங்கியது அப்படி வண்ணம் தீட்டியதுதான். இரண்டு வருடம் சேர்த்த பணம். கடைக்காரர் அதைக் கெட்டி அட்டையில் ஒட்டி, பிரேம் போட்டு வைத்திருந்தார். பின்பக்கம் தெரியவில்லையே என்று எனக்கு உறைக்கவே இல்லை. ஆறு வருடம் கழித்து, பூஞ்சை பிடித்ததால் அட்டையை நீக்கக் கொடுத்தபோதுதான் பின்னால் இன்னொரு படம் இருப்பது தெரிந்தது. மேல் மூலையில் தொகுப்பின் வரிசை எண்ணும் இருந்தது. அதன் மேல் அட்டை விளிம்பு வரும்படி பிரேம் போட்டிருந்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரம் வருகிறது. "பின்பக்கத்தைக் காட்டுங்கள்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

ஆகவே பின்பக்கத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். மறுப்பவரிடம் வாங்கவே வேண்டாம். தாளை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, தாளுக்குள்ளேயே பதிந்த நீர்க்குறி, அதாவது வாட்டர்மார்க் இருக்கிறதா என்று பாருங்கள். 1794க்குப் பிறகு இங்கிலாந்துத் தாள்கள் பலவற்றில் வாட்டர்மார்க்கோடு ஆண்டும் இருக்கும். 1792 தேதியிட்ட படத்துக்குள் 1801 என்று தெரிந்தால், அது பின்னால் அடித்த பிரதி. இந்தப் படத்தில் இளவரசரின் சதையைக் கில்ரே நுண்புள்ளிகளால் செதுக்கியிருக்கிறார். தகடு தேயத் தேய முதலில் மங்குவது அந்தப் புள்ளிகள்தான். கன்னமும் தொடையும் வெளிறியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஹென்றி போனின் தொகுப்புத் தாள் மோசமானது என்று சொல்லவில்லை. அதற்குரிய விலைக்கு வாங்கிப் படிக்க அருமையானது. ஆனால் 1792ல் அடித்த தாள், அந்த இளவரசர் கடன்காரர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் இருந்த நாட்களில், கடை ஜன்னலில் ஜனங்கள் கூடிநின்று பார்த்த சரக்கு. 1851ல் அவர் இறந்தே 21 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த வித்தியாசத்துக்காகத்தான் நாம் பணம் கொடுக்கிறோம்.

முகத்தை மட்டும் பார்ப்பது

பெருந்தீனி தின்பவன் படம் என்று பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சுற்றிலும் இருப்பதைப் பாருங்கள். பின்னால் நிரம்பிய மூத்திரச் சட்டிக்கு அடியில் கட்டாத கடை பில்கள். தரையில் சூதாட்டப் பகடைகள். ஜன்னலுக்கு வெளியே கட்டி முடியாத கார்ல்டன் மாளிகை, இளவரசரின் லண்டன் இல்லம். 1787ல்தான் அவருடைய கடனை அடைக்க 1,61,000 பவுண்டும், இந்த மாளிகைக்கு 60,000 பவுண்டும் நாடாளுமன்றம் கொடுத்திருந்தது. சுவரில் மிதமாக உண்டு நெடுநாள் வாழ்ந்த இத்தாலியர் லூயிஜி கோர்னாரோவின் படம். பல் குத்தும் முள்கரண்டியோடு இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் யார் பணத்தில் நடக்கும் விருந்து என்று புரியும்.

ஜோடியைப் பிரிப்பது

அதே மாதம் 28ம் தேதி இதற்கு இணைப்படம் வந்தது. அதில் அப்பா மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஒரு வேகவைத்த முட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். மேசைவிரிப்பே அவருக்குக் கழுத்துத் துண்டு. ராணி கீரையை வாயில் திணித்துக்கொண்டிருக்கிறார். மகனின் ஊதாரித்தனமும் அப்பாவின் கருமித்தனமும் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்றை மட்டும் மாட்டினால் பாதிப் பேச்சுதான். இரண்டுக்கும் பணம் இல்லையென்றால் பொறுத்திருங்கள்.

இந்தப் படங்கள் ஏழைகளைக் கேலி செய்தவை என்று நினைப்பது

இல்லை. ஹோகார்த்தின் 1755ம் ஆண்டுத் தேர்தல் விருந்துப் படத்தில் சிப்பி தின்றே சாய்ந்துவிட்டவர் ஊரின் மேயர். கையிலுள்ள முள்கரண்டியில் இன்னும் ஒரு சிப்பி குத்தியபடியே இருக்கிறது.

பிரேமுக்காக ஓரத்தை வெட்டுவது

வெட்டாதீர்கள். தகடு அழுந்திய தடம் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

வெயில் படும் சுவர்

வேண்டாம். கைவண்ணம் போனால் போனதுதான்.