மழை நாளில் புத்தகம் படிக்க ஒரு இசை

மழை பிடித்துக்கொண்டால் எனக்குப் புத்தகமும் வேண்டும், பாட்டும் வேண்டும். ஆனால் ஒரே பக்கத்தை மூன்று முறை படித்தும் ஒன்றும் மனதில் ஏறாது. பாட்டின் வரிகளும் புத்தகத்தின் வரிகளும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு நிற்கும்.

சரி, வரிகளே வேண்டாமென்று பழைய சினிமாப் பாடல்களை வெறும் வீணையில் போட்டேன். அது இன்னும் மோசம். பல்லவி தொடங்கியதுமே வாய் தானாக முணுமுணுக்கிறது, தெரிந்த மெட்டு என்றால் வார்த்தையும் கூடவே வந்துவிடும்!

அப்புறம் புல்லாங்குழல். மழையின் 'சோ' சத்தம் எல்லாச் சுருதியிலும் பரவிக் கிடப்பது. மென்மையான குழலோசை அதில் கரைந்துபோனது. ஒலியைக் கூட்டினேன். அடுத்த இடத்தில் குழல் உச்சத்துக்கு ஏறியபோது திடுக்கிட்டு, படித்த வரியைத் தொலைத்தேன்.

கடைசியில் கைகொடுத்தது செல்லோ, வயலின் குடும்பத்தில் பெரிய, கனத்த குரல்கொண்ட வாத்தியம். அதன் அடித்தந்தி சுமார் 65 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 65 அதிர்வு என்ற தாழ்ந்த சுருதியில், முழங்கும். மழை மேலே இரைந்துகொண்டிருக்க, இது அடியில் தனியாக ஓடுகிறது. எனக்குப் பழக்கமில்லாத, மெதுவான வாசிப்பாகத் தேடி எடுத்தேன். தனி ஆலாபனையும் பரவாயில்லை, தாளம் சேரும்வரை.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு, சின்ன ஸ்பீக்கரை முதுகுக்குப் பின்னால் அலமாரியில் வைத்தேன். ஒலியளவு, பக்கம் புரட்டும் சரசரப்பு காதில் விழும் அளவுக்குத்தான். தானாக அடுத்த பாட்டுக்குத் தாவும் வசதியையும் அணைத்தாயிற்று. நேற்று இசை எப்போது நின்றது என்றே தெரியவில்லை; நாற்பது பக்கம் தாண்டியிருந்தேன்.