நெஞ்சைத் திறந்த ஆபரேஷனுக்குப் பிறகு: வலியைப் பொறுத்துக்கொள்ளாமல் தேறுவது எப்படி

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலை நர்ஸ் வந்து, "வலி பத்துக்கு எத்தனை இருக்கும்மா?" என்று கேட்டார். "பரவாயில்லை, மூணு" என்றேன். உண்மையில் ஏழுக்குக் குறையாது. பிள்ளை பெற்றவள், இதைத் தாங்க மாட்டேனா என்ற நினைப்பு. வலி மாத்திரை பழக்கமாகிவிடும் என்று யாரோ எப்போதோ சொன்னதும் காதிலேயே இருந்தது. அதனால் வலிக்காத அளவுக்கு மூச்சை மேலோட்டமாக விட்டுக்கொண்டு, இருமல் வந்தால் விழுங்கிக்கொண்டு, ஆடாமல் அசையாமல் படுத்துக் கிடந்தேன். மறுநாள் காய்ச்சல். எக்ஸ்ரே எடுத்தால் இடது நுரையீரலின் அடிப்பாகம் சுருங்கியிருந்தது, உள்ளே சளி தேங்கியிருந்தது. வீட்டுக்குப் போக வேண்டியவள் மேலும் நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.

அன்று பிசியோதெரபிஸ்ட் என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னதைத்தான் இங்கே முதலில் எழுத வேண்டும்: "வலி மாத்திரை நீங்க சுகமா படுத்திருக்க இல்லைம்மா. மூச்சை ஆழமா இழுக்க, இரும, எழுந்து நடக்க." அதன் பிறகு நான் வலியை எண்ணால் அளப்பதையே விட்டுவிட்டேன். நெஞ்சு நிறைய மூச்சு இழுக்க முடிகிறதா, இருமிச் சளியை வெளியே கொண்டுவர முடிகிறதா, கழிப்பறை வரை நடக்க முடிகிறதா? மூன்றும் முடிந்தால் மருந்து போதும். ஒன்று முடியாவிட்டாலும் போதவில்லை. அதை நர்ஸிடம் அப்படியே சொல்லுங்கள். வலி பூஜ்யம் ஆக வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். முதல் வாரங்களில் அது ஆகாது.

எனக்கு 54 வயதில் பைபாஸ் நடந்தது, அதாவது இதயத்தில் அடைத்த ரத்தக்குழாயைத் தாண்டி வேறொரு குழாயால் மாற்றுவழி போடும் ஆபரேஷன். நெஞ்சின் நடு எலும்பை மேலிருந்து கீழ்வரை ரம்பத்தால் அறுத்து, இரண்டு பக்கமும் விரித்து, வேலை முடிந்ததும் ஸ்டீல் கம்பியால் சேர்த்துக் கட்டுகிறார்கள். இதய வால்வு மாற்றுகிறவர்களுக்கும் பெரும்பாலும் இதே வழிதான். எலும்பு ஓரளவு ஒட்ட ஆறு முதல் எட்டு வாரம், நன்றாக உறுதிப்பட ஏறக்குறைய 12 வாரம். கம்பி உள்ளேயே இருந்துவிடும். கீழே நான் சொல்லும் கட்டுப்பாடெல்லாம் அந்த எலும்பு ஒட்டுவதற்காகத்தான். விலா எலும்புகளுக்கு நடுவே பக்கவாட்டில் திறந்து நுரையீரல் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குக் கை அசைவு விதிகள் வேறு. ஆனால் மூச்சு, இருமல், மாத்திரை பற்றி நான் எழுதுவது அவர்களுக்கும் பொருந்தும்.

எங்கெங்கோ வலிக்கும்

வெட்டிய இடத்தில்தான் வலிக்கும் என்று நினைத்திருந்தேன். எனக்கு அதிகம் வலித்தது முதுகு, இரண்டு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவில். நெஞ்சை விரிக்கும்போது விலா எலும்புகளும் பின்னால் இருக்கும் மூட்டுகளும் இழுபடுகின்றன. கழுத்தும் பிடித்துக்கொள்ளும். இடது மார்பின் மேல் ஒரு கையகலத்துக்குத் தொட்டால் மரத்த மாதிரி, துணி உரசினால் எரிகிற மாதிரி இருந்தது. பைபாஸுக்காக நெஞ்சுச் சுவரின் உள்பக்கத்திலிருந்து ரத்தக்குழாய் எடுத்திருந்தால் அந்தப் பக்கத்து நரம்புகள் இப்படிக் கோபித்துக்கொள்ளும். அதே மாற்றுவழிக்காகக் காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்த இடம் சிலருக்கு நெஞ்சைவிட அதிகம் வலிக்கும், கணுக்கால் வரை வீங்கும். உட்காரும்போது காலைத் தூக்கி வையுங்கள், கால்மேல் கால் போட வேண்டாம்.

இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது மருந்துக்குச் சமம். முதுகு வலித்த முதல் இரவு, இதயத்துக்குத்தான் மறுபடி ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து விடியும்வரை விழித்திருந்தேன். பயத்தில் தோளை இறுக்கியதில் வலி இன்னும் கூடியது.

மாத்திரையை மணி பார்த்துப் போடுங்கள்

முதல் ஒன்றிரண்டு வாரம் வலி வந்த பிறகு மாத்திரையைத் தேடக் கூடாது. ஏறிவிட்ட வலியை இறக்க அதிக மருந்தும் அதிக நேரமும் ஆகும். டாக்டர் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்று எழுதியிருந்தால், வலி குறைவாக இருந்தாலும் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று. என் மகள் ஒரு சின்ன நோட்டில் மூன்று கட்டம் போட்டுக் கொடுத்தாள்: மணி, என்ன மாத்திரை, அரை மணி கழித்து இரும முடிந்ததா. தூக்கக் கலக்கத்தில் போட்டோமா இல்லையா என்று குழம்பி இரண்டாவது முறை போட்டுவிடும் ஆபத்து அந்த நோட்டால் போனது.

பெரும்பாலும் அடிப்படை மருந்து பாராசிட்டமால்தான். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் எல்லாம் சேர்த்து 4 கிராமைத் தாண்டக் கூடாது. மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் டாக்டர் இன்னும் குறைப்பார். சளி, காய்ச்சலுக்கு நாமாக வாங்கும் பல மாத்திரைகளிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும். அதையும் கணக்கில் சேருங்கள்.

டிரமடால் போன்ற வலுவான மாத்திரைகள் சில நாட்களுக்குத்தான் தேவைப்படும். வலி உள்ள இடத்தில், டாக்டர் சொன்ன அளவில், சில நாள் எடுத்துக்கொள்வதை எண்ணி என்னைப் போல அஞ்ச வேண்டாம். முதலில் நிறுத்த வேண்டியதும் இவைதான். எனக்குப் பத்தாம் நாளோடு நின்றது. பிறகு பாராசிட்டமாலின் இடைவெளியை நீட்டினோம், பகல் மாத்திரைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. ராத்திரி மாத்திரையை மட்டும் கடைசிவரை வைத்துக்கொண்டேன். தூக்கம் கெட்டால் மறுநாள் எல்லா வலியும் இரண்டு மடங்காகத் தெரியும்.

இந்த வலுவான மாத்திரைகள் மலத்தை இறுக்கிவிடும். கழிப்பறையில் முக்கினால் அந்த அழுத்தம் நேராக நெஞ்சுக்குப் போகிறது. வலி மருந்து தொடங்கும் நாளிலேயே மலமிளக்கியும் கேட்டு வாங்குங்கள், மூன்று நாள் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். ஆனால் டாக்டர் உங்களுக்குத் தண்ணீர் அளவு கட்டுப்படுத்தியிருந்தால் அந்த அளவுதான்.

இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை யார் நல்லெண்ணத்தோடு கொடுத்தாலும் வாங்காதீர்கள். பைபாஸ் முடிந்த நாட்களில் அவை மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டும், சிறுநீரகத்துக்கும் கேடு. இதைக் கேட்டுவிட்டு, இதயத்துக்காக எழுதிக் கொடுத்த சின்ன ஆஸ்பிரினையும் நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அது வேறு கணக்கு. அதை டாக்டர் சொல்லாமல் ஒரு நாளும் விடக் கூடாது.

குளியல், நடை, மூச்சுப் பயிற்சி எதுவானாலும் மாத்திரை போட்டு அரை மணி முதல் முக்கால் மணி கழித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாத்திரை, ஒரே வேலை. நேரத்தை மாற்றியதில் எனக்குக் கிடைத்த வித்தியாசம் பெரிது.

தலையணையும் மூன்று பந்தும்

மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி தருவார்கள். இரண்டு நாள் நான் அதில் ஊதிக்கொண்டிருந்தேன். பந்து அசையவே இல்லை. அது ஊதுவதற்கு அல்ல, உறிஞ்சுவதற்கு. நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முழுதும் வெளியே விட்டு, குழாயை உதட்டால் கவ்வி, மெதுவாக உள்ளே இழுத்து, பந்தை மேலேயே இரண்டு மூன்று விநாடி நிறுத்த வேண்டும். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பத்து முறை. தலை சுற்றினால் நடுவில் நிறுத்திச் சாதாரணமாக மூச்சு விடுங்கள். மூன்றாவது பந்து எழவில்லை என்று கவலைப்பட வேண்டாம், நேற்றைவிட இன்று கொஞ்சம் மேலே என்றால் போதும்.

பத்து முடிந்ததும் இருமல். உறுதியான ஒரு சின்னத் தலையணையை நெஞ்சில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, ஆழ மூச்சு இழுத்து இருமுங்கள். தலையணையின் அழுத்தம் எலும்பின் இரண்டு பாதியையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்கிறது. இருமினால் தையல் பிரிந்துவிடும் என்றுதான் எல்லாரும் பயப்படுகிறோம். இருமாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதை நான் நான்கு நாள் அனுபவித்தேன். தும்மல் சொல்லிக்கொண்டு வராது, ஆகவே தலையணை எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். எனக்கு இரண்டு மாதம் அது அறைக்கு அறை கூடவே வந்தது.

எழுவது, தூக்குவது, உடுத்துவது

படுக்கையிலிருந்து நேராக எழாதீர்கள். முழங்கால்களை மடக்கி, உடம்பு மொத்தமும் ஒரே கட்டையாகப் பக்கவாட்டில் உருண்டு, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டால் அந்தக் கனமே மேல் உடம்பைத் தூக்கிவிடும். ஒரு கையை ஊன்றித் தள்ளுவதுதான் கூடாது. நாற்காலியில் நுனிக்கு நகர்ந்து, பாதங்களைப் பின்னுக்கு இழுத்து, முன்னால் சாய்ந்து, தொடையின் பலத்தில் எழுங்கள். தாழ்ந்த சோபாவை மூன்று மாதம் மறந்துவிடுங்கள். உதவுகிறவர்களிடம், என் அக்குளில் கைகொடுத்துத் தூக்காதே என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அன்பினால்தான் செய்வார்கள், உயிர் போகும்.

நான்கைந்து கிலோவுக்கு மேல் எதையும் தூக்கக் கூடாது, தள்ளவும் இழுக்கவும் கூடாது. தண்ணீர் நிறைந்த வாளி, கனமான கதவு, இறுக மூடிய பாட்டில் எல்லாம் இதில் சேர்த்தி. முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்கும்போது செய்யக்கூடிய வேலையா என்று பாருங்கள். அப்படியானால் பெரும்பாலும் பாதுகாப்பானது. பேரக்குழந்தை ஓடிவந்தால் நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள், வேறு யாராவது குழந்தையைப் பக்கத்தில் உட்கார வைக்கட்டும். ஆனால் கையை அசைக்கவே பயந்து கூனிக்கொண்டு இருந்தால் தோள் இறுகிவிடும். தோள்களைப் பின்னோக்கி உருட்டுவதை நாளில் நாலைந்து முறை செய்யுங்கள். கைகளை உயர்த்தும்போது இரண்டையும் சேர்த்து, வலிக்காத உயரம் வரை.

பெண்களுக்கு ஒன்று. இதை ஆஸ்பத்திரியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. மார்பின் கனம் பக்கவாட்டில் சரிந்து காயத்தை இரண்டு பக்கமும் இழுக்கும். கம்பி இல்லாத, முன்பக்கம் கொக்கி உள்ள, மென்மையான உள்ளாடையை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு போட ஆரம்பியுங்கள், இரவிலும் போடலாம். காயத்துக்கும் துணிக்கும் நடுவே சுத்தமான மெல்லிய துணி ஒன்று. அதைப் போட்ட அன்றே என் எரிச்சல் பாதியாகக் குறைந்தது. மேலாடையும் முன்னால் திறப்பதாக இருக்கட்டும்.

காரில் போகும்போது சீட் பெல்ட் கட்டாயம். நெஞ்சுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் அதே தலையணை. நீங்களே ஓட்டுவதற்குக் குறைந்தது ஆறு வாரம் ஆகும், அதுவும் டாக்டர் சரி சொன்ன பிறகு.

நடை: முதல் வாரம் ஐந்து நிமிடம், நாளைக்கு நாலைந்து முறை. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் சரியான வேகம்.

தூக்கம் வராத வாரங்கள் இருக்கும். முதுகுக்கும் தோளுக்கும் அடியில் தலையணைகள் அடுக்கிப் பாதி சாய்ந்த நிலையில், இரண்டு முழங்கைக்குக் கீழும் ஒவ்வொரு தலையணை வைத்தால் முதுகுவலி அடங்கும். இரண்டாம் வாரத்தில் காரணமே இல்லாமல் அழுதேன். மகள் பயந்துபோனாள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு மனம் இப்படித் தளர்வது சகஜம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் இருவருக்கும் மூச்சு வந்தது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், சாப்பாட்டிலும் எதிலும் பற்று இல்லாமல் போனால், அதையும் ஒரு வலியாகக் கருதி டாக்டரிடம் சொல்லுங்கள்.

எப்போது உடனே கூப்பிட வேண்டும்

38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல். காயம் சிவந்து சூடாவது, சீழ் அல்லது நீர் கசிவது. இருமும்போதோ திரும்பும்போதோ நெஞ்செலும்பு 'டக் டக்' என்று உராய்ந்து நகர்கிற மாதிரி இருப்பது. ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல், அல்லது ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் எடை கூடுவது. இதற்காகத் தினமும் காலையில் எடை பாருங்கள். இதயம் தாறுமாறாகப் படபடப்பது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது. இதில் எதுவானாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் பேசுங்கள். திடீர் மூச்சுத்திணறல், ஆபரேஷனுக்கு முன்பு இருந்ததைப் போன்ற நெஞ்சு இறுக்கம், மயக்கம், வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் தளர்வது என்றால் போனில் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

மூன்று மாதம் கழிந்த பிறகும் எனக்கு இடது மார்பில் அந்த எரிச்சல் போகவில்லை. எலும்பு ஒட்டிவிட்டது, எல்லாம் நன்றாக இருக்கிறது, இதைப் போய்ச் சொல்வதா என்று மறுபடியும் வாயை மூடிக்கொள்ளப் பார்த்தேன். மகள்தான், "அம்மா, மறுபடியும் மூணுன்னு சொல்லப் போறியா?" என்றாள். சொன்னேன். அது நரம்பு வலி, பாராசிட்டமாலுக்கு அடங்காது, அதற்குத் தனி மருந்து இருக்கிறது என்று டாக்டர் கபாபென்டின் எழுதிக் கொடுத்தார். ராத்திரி ஒன்று என்று ஆரம்பித்து மெதுவாகக் கூட்டினார். மூன்றாவது வாரத்தில் சட்டை உரசுவது எனக்குத் தெரியவே இல்லை.